வடிவமைப்புக்கு முன் எழுத வேண்டிய எட்டு வரிகள்

"தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓட வேண்டும், நிறைந்தால் நிற்க வேண்டும்." தானாக இயங்கும் மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று வேண்டும் என்று கேட்பவர் பெரும்பாலும் இவ்வளவுதான் சொல்வார். செய்து தருபவரும் தலையாட்டிவிடுவார். அடுத்த நிமிடமே எந்த சிப், எந்த ரிலே (மோட்டாரை இயக்கி நிறுத்தும் மின்விசை), நிரலை எந்த மொழியில் எழுதலாம் என்று பேச்சு திரும்பிவிடும். அப்படித் திரும்புவதற்கு முன்னால், அந்த ஒற்றை வாக்கியத்தோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

தொட்டிக்குள் இரண்டு சென்சார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று அடியில், இன்னொன்று மேலே. ஒவ்வொன்றும் நனைந்திருக்கும் அல்லது உலர்ந்திருக்கும். ஆக நான்கு சேர்க்கைகள். ஒவ்வொரு சேர்க்கையின்போதும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கலாம் அல்லது நின்றிருக்கலாம். மொத்தம் எட்டு. ஒரு தாளில் எட்டு வரிகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக "இப்போது மோட்டார் என்ன செய்ய வேண்டும்?" என்று ஒரு காலிக் கட்டம் வரைந்துகொள்ளுங்கள். இரண்டும் உலர்ந்திருந்தால் ஓட வேண்டும், இரண்டும் நனைந்திருந்தால் நிற்க வேண்டும். நாம் கேட்ட வாக்கியம் நிரப்பிய கட்டங்கள் இந்த நான்குதான். மற்ற நான்கும் காலியாகவே இருக்கின்றன.

அடிச் சென்சார் நனைந்து மேல் சென்சார் உலர்ந்திருந்தால் தண்ணீர் பாதியில் இருக்கிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் தொடர்ந்து ஓட வேண்டும், நின்றிருந்தால் நின்றபடியே இருக்க வேண்டும் என்று யோசித்தால் தெரிகிறது. இல்லாவிட்டால் ஒரு குவளை தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் மோட்டார் கிளம்பும். சரி, மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது தண்ணீர் பாதியில் இருந்தால்? முன்பு ஓடிக்கொண்டிருந்ததா என்பது கருவிக்கு நினைவிருக்க வேண்டுமா, வேண்டாமா? இதற்கு வாக்கியத்தில் பதில் இல்லை. கடைசி இரண்டு கட்டங்கள் இன்னும் விசித்திரமானவை: அடிச் சென்சார் உலர்ந்திருக்கிறது, மேல் சென்சார் நனைந்திருக்கிறது. தண்ணீர் அந்தரத்தில் நிற்காது. அப்படியென்றால் ஏதோ ஒரு சென்சார் பழுது. அப்போது மோட்டாரை நிறுத்தினால் வீட்டில் தண்ணீர் இல்லாமல் போகலாம். ஓட்டினால் தொட்டி வழியலாம். எது பரவாயில்லை? இதைக் கருவி கேட்டவர்தான் சொல்ல முடியும்.

என் வாதமெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. காலியாக விட்ட கட்டம் காலியாகவே இருந்துவிடாது. கருவி ஓடும்போது அந்தச் சூழ்நிலை வந்தால் மோட்டார் ஓடும் அல்லது நிற்கும், மூன்றாவது வழி கிடையாது. ஆக யாரோ ஒருவர் அந்தக் கட்டத்தை நிரப்பியே தீருவார். நிரலாளர் எழுதும் கடைசி 'இல்லையென்றால்' கிளைக்குள் அது சத்தமில்லாமல் நிரம்பிவிடும். முடிவெடுத்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. அவர் மேல் குற்றமும் இல்லை. கேள்வி அவர் கண்ணில் படவே இல்லை, பட்டிருந்தாலும் பதில் சொல்லும் உரிமை அவருடையதல்ல. வடிவமைப்புக்கு முன் புறநடத்தையை முறைப்படி எழுதுவதன் முதல் பயன், அந்தக் கேள்வியை உரியவரிடம், உரிய நேரத்தில் கொண்டுபோய் வைப்பது. நல்ல ஆவணம் கையில் கிடைப்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

'புறநடத்தை' என்பதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. கருவிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரிவதை மட்டுமே எழுத வேண்டும். என் எட்டு வரிகளில் இருப்பவை தண்ணீர் நனைப்பதும் மோட்டார் ஓடுவதும் மட்டுமே. "மோட்டார் நிலையை ஒரு மாறியில் (நிரலுக்குள் மதிப்பைச் சேமிக்கும் இடத்தில்) வைத்துக்கொள்" என்று எழுதியிருந்தால் அது வடிவமைப்புக்குள் கால் வைத்ததாகிவிடும். அப்படி எழுதினால் இரண்டு நஷ்டம். வடிவமைப்பாளருக்கு இருந்த வேறு நல்ல வழிகளைக் காரணமில்லாமல் அடைத்துவிடுகிறோம். அதைவிட மோசம், மாறி என்றால் என்னவென்று தெரியாத, ஆனால் தொட்டியைப் பற்றி எல்லாம் தெரிந்த ஆளுக்கு நம் தாள் புரியாமல் போய்விடுகிறது. தவறைப் பிடிக்கக்கூடியவரே அவர்தான்.

இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது ஒரு போர் விமானத் திட்டம். அமெரிக்கக் கடற்படையின் ஏ-7இ விமானத்தில் வழிகாட்டலையும் ஆயுதக் குறியையும் கணக்கிடும் கணினி ஒன்று இருந்தது. அதன் நிரல் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அது என்ன செய்ய வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சொல்லும் ஆவணம் எங்கும் இல்லை. கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் கேத்ரின் ஹெனிங்கர், டேவிட் பார்னஸ் உள்ளிட்ட குழு, அந்த நிரலைப் புதிதாக வடிவமைத்துப் பார்க்கும் சோதனையின் முதல் படியாக 1978-இல் அந்த ஆவணத்தை எழுதி முடித்தது. கணினி வெளியே அனுப்பும் ஒவ்வொரு வெளியீட்டையும் தனியாக எடுத்துக்கொண்டார்கள். எந்த இயக்க நிலையில், எந்த நிபந்தனையில் அதன் மதிப்பு என்ன என்று அட்டவணை போட்டார்கள். உள்ளே நிரலின் எந்தத் துணைப்பகுதி எதை அழைக்கிறது என்ற பேச்சே அதில் இல்லை. விமானிகள் அதைப் படித்துத் திருத்தினார்கள். நிரல் எழுதத் தெரியாத ஒரு விமானி, "இந்த நிலையில் திரை இப்படிக் காட்டாது" என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது.

அட்டவணைக்கு இருக்கும் பலம் வெகு சாதாரணமானது. ஒரு வரிசையில் உள்ள நிபந்தனைகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால் எந்தச் சூழ்நிலையும் விடுபடக்கூடாது. எந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாகவும் கூடாது. இரண்டையும் கணக்குப் போல சரிபார்க்கலாம். அதே ஆராய்ச்சிக்கூடம் பின்னாளில் இந்தச் சரிபார்ப்பைத் தானாகச் செய்யும் கருவிகளையே உருவாக்கியது. உரைநடையில் இது முடியாது. ஒரு பத்தியை நூறு தடவை படித்தாலும் அதில் எழுதாமல் விட்டதை அந்தப் பத்தி காட்டிக்கொடுக்காது. அட்டவணையின் காலிக் கட்டம் தானே வந்து கண்ணில் குத்தும்.

அந்த ஆவணத்தில் எனக்கு மிகப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. ஒரு நிபந்தனை உண்மையாக *இருப்பது* வேறு, அது உண்மையாக *மாறும் கணம்* வேறு என்று பிரித்து, இரண்டுக்கும் வேறு வேறு குறியீடு வைத்தார்கள். 'கதவு திறந்திருந்தால்', 'கதவு திறக்கும்போது' என்று நாம் பேச்சில் மாற்றி மாற்றிச் சொல்லிவிடுவோம், யாரும் கவனிக்கமாட்டார்கள். கருவிக்கு இவை இரண்டும் இரண்டு வெவ்வேறு கட்டளைகள். இந்த வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1999 டிசம்பர் 3 அன்று செவ்வாயில் தொலைந்துபோன மார்ஸ் போலார் லேண்டர் விண்கலத்தைப் பார்க்கலாம்.

அதற்கு மூன்று கால்கள். தரையைத் தொட்டதும் எஞ்சினை நிறுத்துவதற்காக ஒவ்வொரு காலிலும் ஒரு சென்சார். பாராசூட்டில் இறங்கும்போது, தரையிலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மடித்து வைத்த கால்கள் விரியும். விரிந்து நிற்கும் அந்த உதறலில், தரையைத் தொட்டது போன்ற ஒரு பொய்ச் சமிக்ஞையைச் சென்சார் தரக்கூடும் என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் தரையை நெருங்கும்வரை சென்சார் தகவலைப் 'பயன்படுத்தக் கூடாது' என்று மேல்மட்டத் தேவை ஆவணத்தில் எழுதியிருந்தார்கள். நிரலும் அந்தச் சொல்லை மீறவில்லை. 40 மீட்டர் உயரம் வரும்வரை எஞ்சினை நிறுத்தும் கட்டளையை அது இயக்கவே இல்லை. ஆனால் சென்சாரைப் படிப்பதை முன்பே தொடங்கியிருந்தது, படித்ததில் 'தொட்டாயிற்று' என்று வந்ததைக் குறித்தும் வைத்துக்கொண்டது. 40 மீட்டரில் அனுமதி கிடைத்ததும், பழைய குறிப்பைப் பார்த்து எஞ்சினை நிறுத்தியிருக்க வேண்டும். அதன்பின் விண்கலம் வெறுமனே விழுந்து, நொடிக்குச் சுமார் 22 மீட்டர் வேகத்தில் தரையில் மோதியிருக்கும். இறங்கும்போது அது எந்தத் தகவலும் அனுப்பவில்லை. ஆகவே விசாரணைக் குழு இதை 'மிகவும் சாத்தியமான காரணம்' என்றுதான் சொன்னது.

'பயன்படுத்தக் கூடாது' என்பதை இரண்டு விதமாகப் படிக்கலாம். அந்த உயரத்துக்குக் கீழே வந்தபிறகு *நிகழும்* தொடுதலை மட்டும் கணக்கில் எடு என்று ஒரு விதம். தொட்டதாக ஏற்கெனவே குறிப்பு *இருந்தால்* அந்த உயரம் வந்ததும் செயல்படு என்று இன்னொரு விதம். எழுதியவர் மனதில் இருந்தது முதலாவது. நிரல் செய்தது இரண்டாவது. கால் உதறலில் பொய்ச் சமிக்ஞை வரும் என்ற செய்தி மென்பொருள் அளவிலான தேவை ஆவணத்தில் வெளிப்படையாக இல்லை, எனவே நிரல் எழுதியவர்களுக்கும் சோதித்தவர்களுக்கும் சந்தேகப்பட வழியில்லை. கால் விரியும் சோதனையை ஒருமுறை செய்தபோது சென்சார் வயர்கள் தவறாக இணைக்கப்பட்டிருந்தன. சரிசெய்தபிறகு அந்தச் சோதனையை மறுபடி செய்யவில்லை. என் கண்ணுக்கு இது ஒரு காலிக் கட்டத்தின் கதை: "40 மீட்டருக்கு மேலே தொடுதல் சமிக்ஞை வந்து, பிறகு நின்றுவிட்டால்?" அந்த வரியை யாராவது ஒரு தாளில் எழுதியிருந்தால், பதில் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

தொட்டிக்கும் இதே தொல்லை உண்டு என்பதைக் கவனியுங்கள். குழாயிலிருந்து விழும் தண்ணீர் தெறித்து மேல் சென்சாரை ஒரு கணம் நனைத்துவிடும். சென்சார் 'நிறைந்தது' என்கிறது, தொட்டியோ பாதிகூட நிறையவில்லை. உலகத்தில் இருப்பது தண்ணீர் மட்டம், கருவிக்குள் வருவது சென்சார் சொல்வது. இவை இரண்டும் வேறு. பார்னஸ் பிற்காலத்தில் இதை நான்காகப் பிரித்து எழுதச் சொன்னார்: உலகில் நாம் கவனிக்கும் அளவு, கருவிக்குள் நுழையும் உள்ளீடு, கருவி அனுப்பும் வெளியீடு, அதனால் உலகில் மாறும் அளவு. தண்ணீர் மட்டம், சென்சார் சமிக்ஞை, ரிலேக்குப் போகும் மின்னழுத்தம், மோட்டாரின் ஓட்டம். தேவை என்பது முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையே இருக்கும் உறவு. மென்பொருள் தொடுவதோ நடுவில் உள்ள இரண்டை மட்டுமே.

இந்தப் பிரிவை விட்டுவிட்டால் முறைப்படி எழுதிய விவரக்குறிப்புகூட நம்மைக் காப்பாற்றாது. 1993 செப்டம்பர் 14, வார்சா விமான நிலையம். மழையில், பின்காற்றோடு இறங்கிய லுஃப்தான்சா ஏ320 விமானம் ஓடுபாதையில் நிற்காமல் அதைத் தாண்டிப் போய் மண்மேட்டில் மோதியது. இருவர் இறந்தார்கள். காற்றைப் பற்றிக் கிடைத்த தகவலும் விமானிகளின் முடிவுகளும் விசாரணையில் பேசப்பட்டன, எல்லாப் பழியையும் கணினி மேல் போடுவது நியாயமாகாது. ஆனால் நமக்கு வேண்டிய பாடம் தடுப்பு முறையின் தர்க்கத்தில் இருக்கிறது. தரையில் விமானத்தை நிறுத்த உதவும் எஞ்சினின் பின்னோக்கு உந்துதல் பறக்கும்போது தவறுதலாக இயங்கிவிடக் கூடாது என்பது நியாயமான கவலை. அதனால் விமானம் தரையில் இருப்பது உறுதியானால்தான் இயங்கும்படி வைத்திருந்தார்கள். 'தரையில் இருக்கிறது' என்பதற்கு இரு பக்கச் சக்கரத் தாங்கிகளிலும் போதிய எடை ஏறியிருக்க வேண்டும். இறக்கை மேல் எழும் தடுப்புத் தகடுகளுக்கு, அது இல்லாவிட்டால் சக்கரங்கள் 72 நாட் (மணிக்குச் சுமார் 133 கி.மீ.) வேகத்துக்கு மேல் சுழன்றாலும் போதும். அன்றைக்கு விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒற்றைச் சக்கரத் தொகுதியில் இறங்கியது. மறுபக்கம் தரையில் பட ஒன்பது நொடிகள் போல ஆனது. ஓடுபாதையில் தேங்கிய தண்ணீரில் சக்கரம் சுழலாமல் வழுக்கியது. மென்பொருள் எழுதியபடியே நடந்தது. விமானம் தரையில் இருந்தது. இரண்டும் உண்மை.

மென்பொருள் ஆய்வாளர்கள் பமீலா ஸேவும் மைக்கேல் ஜாக்சனும் 1990களில் இதை ஒரே சூத்திரமாகச் சொன்னார்கள். உலகத்தைப் பற்றி நாம் நம்பும் உண்மைகளும், கருவியின் விவரக்குறிப்பும் சேர்ந்துதான் தேவையை நிறைவேற்ற முடியும். 'தரையில் ஓடும் சக்கரம் சுழலும்' என்பது அத்தகைய ஒரு நம்பிக்கை. அது எழுதப்பட்டிருந்தால், ஈர ஓடுபாதையில் இறங்கிப் பழகிய ஒருவர் அதைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கியிருப்பார். எழுதாத நம்பிக்கையை யாரும் மறுக்க முடியாது. ஆகவே எட்டு வரிகளுக்குக் கீழே, "மோட்டார் இழுக்கும் கீழ்த்தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கும் என்று வைத்துக்கொண்டோம்" என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். கருவி கேட்டவர் உடனே, "இல்லையே, அடிக்கடி காலியாகிவிடுமே" என்பார். வெறும் காற்றை இழுத்து எரியவிருந்த ஒரு மோட்டார் பிழைக்கும்.

இதற்கெல்லாம் எதிர்ப்பு இல்லாமலில்லை, அதில் நேர்மையான எதிர்ப்பும் உண்டு. வில்லியம் ஸ்வார்ட்டவுட், ராபர்ட் பால்ஸர் இருவரும் 1982-இல் எழுதியது இன்றும் கனமான வாதம்: விவரக்குறிப்பும் செய்முறையும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. செய்யத் தொடங்கினால்தான் எதை எழுதத் தவறினோம் என்பது தெரியும், ஒன்றை முழுதாக முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குவது நடைமுறையில் நடக்காது. உண்மைதான். நானும் எந்தத் திட்டத்திலும் அப்படி நேர்க்கோட்டில் வேலை நடந்து பார்த்ததில்லை. இதற்குப் பார்னஸும் பால் கிளெமென்ட்ஸும் 1986-இல் கொடுத்த பதில் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. நேர்க்கோட்டில் வேலை நடக்காது என்பதை ஒப்புக்கொண்டார்கள். அப்படியிருந்தும், நடந்திருந்தால் எப்படிப்பட்ட ஆவணம் கையில் இருக்குமோ அதை உருவாக்குங்கள், நடுவில் கண்டுபிடித்ததை அதற்குரிய இடத்தில் போய்த் திருத்துங்கள் என்றார்கள். பின்னால் வந்து சேரும் ஆளுக்கு நாம் தடுமாறிய வரலாறு வேண்டாம், எட்டு வரிகளின் இப்போதைய நிலவரம் போதும்.

"தேவைகள் மாறிக்கொண்டே இருக்கும், எழுதி என்ன பயன்?" என்பது நான் அதிகம் கேட்கும் மறுப்பு. அதில் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. மாறுகிறது என்று சொல்வதற்கே, மாறுவதற்கு முன் என்னவாக இருந்தது என்று தெரிய வேண்டும். ஏ-7இ ஆவணத்திலோ எவையெல்லாம் மாறக்கூடும், எவை மாறாது என்று நம்புகிறோம் என்பதற்கே தனிப் பகுதி வைத்திருந்தார்கள்.

முன்னால் எழுதாமல் பின்னால் எழுதினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் டார்லிங்டன் அணுமின் நிலையம் சான்று. உலையை அவசரமாக நிறுத்தும் முடிவை அங்கே மென்பொருளிடம் ஒப்படைத்திருந்தார்கள். 1980களின் இறுதியில் நிரல் தயார், நிலையமும் தயாராகிக்கொண்டிருந்தது. ஒழுங்குமுறை அமைப்புக்கோ அந்த நிரலை நம்ப ஆதாரம் போதவில்லை. பார்னஸை ஆலோசகராக அழைத்தார்கள். ஒரு குழு, என்ன நடக்க வேண்டும் என்று தேவை அட்டவணைகளை எழுதியது. இன்னொரு குழு நிரலை மட்டும் பார்த்து, அது உண்மையில் என்ன செய்கிறது என்று அட்டவணைகளை எழுதியது. மூன்றாவது குழு இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டது. நான்காவது குழு இந்த வேலையையே தணிக்கை செய்தது. கணிதக் குறியீடுகளைப் படித்துப் பழக்கமில்லாத அணுசக்திப் பொறியாளர்களால் அட்டவணைகளைப் படித்துச் சரிபார்க்க முடிந்தது. ஆனால் அந்தச் சரிபார்ப்பு முடியும்வரை கட்டி முடித்த ஒரு மின்நிலையத்தின் உரிமம் காத்துக் கிடந்தது.

அட்டவணை ஒன்றுதான் வழி என்று நான் சொல்லவில்லை. கணினி அறிஞர் ஜான்-ரேமோன் அப்ரியல் தொடங்கி ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ந்த இஸட் குறியீடு, கணிதத்தின் கணங்களையும் (பொருள்களின் தொகுப்புகளையும்) தர்க்கத்தையும் வைத்து எழுதுவது. அவரே பிறகு உருவாக்கிய பி முறையில், 1998-இல் ஓடத் தொடங்கிய பாரிஸ் மெட்ரோவின் ஓட்டுநரில்லா 14-ஆம் தடத்தின் பாதுகாப்பு மென்பொருள் எழுதப்பட்டது. கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட்டின் டி.எல்.ஏ. பிளஸ் என்ற விவரக்குறிப்பு மொழி இப்போது பரவலாகப் புழங்குகிறது. அமேசானின் மேகச் சேவைப் பொறியாளர்கள் 2011 முதல் அதைப் பயன்படுத்திய அனுபவத்தை 2015-இல் வெளியிட்டார்கள். டைனமோடிபி தரவுத்தளத்தில் அது காட்டிக்கொடுத்த ஒரு பிழை, குறிப்பிட்ட வரிசையில் 35 படிகள் நடந்தால் மட்டுமே தலைகாட்டும். மனித வாசிப்பும் சோதனைகளும் அதைப் பிடிக்கவில்லை. அவர்கள் சோதித்தது வடிவமைப்பை என்பது உண்மை. ஆனால் வடிவமைப்பு சரியா என்று கணினியிடம் கேட்க வேண்டுமானால், 'சரி' என்றால் என்ன என்பதைப் புறநடத்தையின் மொழியில் முதலில் எழுதியாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. ஒரு திரை கண்ணுக்கு இதமாக இருக்கிறதா, ஒரு விளையாட்டு சுவாரஸ்யமாக இருக்கிறதா என்பதற்கு அட்டவணை போட முடியாது, செய்து காட்டித்தான் கேட்க வேண்டும். ஆனால் பணம், உயிர், பிறர் நம்பி ஒப்படைத்த தரவு என்று வரும் இடங்களில் அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

ஒரு நடைமுறைக் குறிப்பு. காலிக் கட்டத்தில் உடனே பதில் கிடைக்காவிட்டால், அதில் ஒரு கேள்விக்குறி போட்டு, யார் பதில் சொல்ல வேண்டும் என்று பெயரை எழுதிவையுங்கள். ஊகித்து நிரப்பிவிட்டால், அது ஊகம் என்பது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் மறந்துவிடும். எட்டு வரிகளும் நிரம்பிய அன்றே டெஸ்டரிடமும் ஒரு பிரதி போகட்டும். எட்டு வரிகள் என்றால் குறைந்தது எட்டுச் சோதனைகள். வடிவமைப்பாளர் எந்த சிப் என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், டெஸ்டரோ, மேல் சென்சாரை நனைத்து அடிச் சென்சாரைத் துடைத்துவிட்டு மோட்டாரைப் பார்க்கும் சோதனையை எழுதி முடித்திருப்பார்.